நோபேட்டின் நாலு துண்டுப் பெனர்

கணினி வகுப்பில் நோபேட்டுக்கு மௌஸ் பிடிபட மூன்று கிழமை எடுத்தது. பிடித்ததை இழுத்துக்கொண்டே போவதுதான் அவனுடைய கைக்குப் பழக்கம். திரையில் அம்பு வலது பக்கம் போகவேண்டும் என்றால் மௌஸை வலது பக்கம் இழுப்பான், இழுப்பான், மேசை முடியும் வரைக்கும் இழுப்பான். மேசை முடிந்ததும் நிமிர்ந்து, "மிஸ், மேசை காணாது" என்பான். தூக்கி நடுவில் வைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம் என்று பக்கத்துக் கதிரையிலிருந்த ரிப்கா காட்டிக்கொடுத்தாள்.

"தூக்கினா விட்டுப்போகாதா?" என்று கேட்டான் நோபேட்.

கேட்டதில் நியாயம் இருக்கிறது. இருபத்திரண்டு வருசம் கரைவலைக் கயிறு இழுத்தவன் அவன். நடுவில் கையை எடுத்தால் பின்னால் நிற்கிறவன் ஏசுவான்.

கரைவலை என்றால், தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுப்பது. கல்குடாக் கரையில் அந்தக் கயிற்றோடுதான் அவனுடைய இளந்தாரிக் காலம் போனது. நாற்பத்தொரு வயதில் வலது தோளுக்குள் ஏதோ கிழிந்தது. இனிக் கயிற்றைத் தொட்டால் அந்தக் கையால் சோற்றைக் கூடத் தொட ஏலாமல் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் காவலுக்கு நின்றான். எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு, ஹோட்டல் பெயர்ப்பலகையில் எழுத்தெல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது, ரோட்டில் போகிற ஒருத்தனாலும் வாசிக்க ஏலாது என்று முதலாளியிடமே போய்ச் சொன்னான். அந்த எழுத்தை வரைந்ததே முதலாளிதான். ஒன்பதாம் மாதம் வேலை இல்லை.

அவனுடைய மனைவி ஜூலிக்கு அதே ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை. அவளை நிற்பாட்டவில்லை. அவள் அந்தப் பலகையை ஏறிட்டும் பார்த்ததில்லை.

ஒருநாள் ஜூலி ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள்.

"இதென்ன?"

"ஒரு வருசப் படிப்பு. டவுனில தொழில்நுட்பக் கல்லூரியில. கிராபிக் டிசைன்."

"அது என்ன சாமான்?"

"எழுத்து எங்க நிக்கோணும், படம் எங்க நிக்கோணும் எண்டு படிப்பிக்கிறதாம். பஸ்ஸில போனா ஒரு கடைப் போர்ட்டையும் விடாம நீங்க குறை சொல்லுறீங்கதானே. சும்மா சொல்லுறத அங்க போய்ச் சொன்னாச் சேட்டிபிக்கற் தருவாங்க."

"இந்த வயசில பள்ளிக்கூடமா?"

"கதிரையில இருந்து செய்யிற வேலை வேறென்ன தெரியும் உங்களுக்கு? அங்க ஏசியும் இரிக்காம்."

ஏசி என்றதில்தான் மனுசன் விழுந்தான். படிப்பில் விழுந்தான் என்று பின்னாளில் சொல்லித் திரிந்தது பொய்.

முதல்நாள் வகுப்பில் பத்தொன்பது பேர். நோபேட்டை விட்டால் எல்லாரும் இருபத்திரண்டுக்குக் கீழே. இவன் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் ஒருத்தன் எழும்பி, "ஏசி அங்கால இரிக்கு, ஐயா. தண்ணி ஒழுகுது" என்றான். நோபேட்டும் மறுக்காமல் போய் அதை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து கதிரையில் இருந்தான்.

படிப்பிக்கிற மிஸ்ஸின் பெயர் தக்ஷாயினி. இருபத்தேழு வயது. சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள். முதல் மாதமே போர்ட்டில் பெரிய நோட்டீஸ் ஒன்றை ஒட்டிவைத்துச் சொன்னாள்: "ஒரு நோட்டீஸில ஒண்டுதான் கத்தவேணும். இன்னொண்டு கதைக்கவேணும். மிச்சமெல்லாம் முணுமுணுக்கவேணும். எல்லாம் சேந்து கத்தினா ஒத்தரும் நிண்டு கேக்க மாட்டாங்க."

நோபேட் இதைக் கொப்பியில் எழுதி இரண்டு கோடு போட்டான். நாற்பது வருசமாகத் தன் வாய்க்கு வராமல் கிடந்த விசயத்தை ஒரு சின்னப் பிள்ளை மூன்று வரியில் சொல்லிவிட்டதே என்று அவனுக்குப் பெரிய சந்தோசம். அன்றைக்குப் பின்னேரம் பஸ்ஸில் வாழைச்சேனை வரைக்கும் ஒவ்வொரு கடைப் பலகையாக, "இது கத்துது, இது கத்துது, இதுவும் கத்துது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு ஆசனம் தேடிப் போய்விட்டார்.

பத்து மாதத்தில் கை படிந்தது. ரிப்கா பத்து நிமிசத்தில் செய்வதை நோபேட் ஒரு மணித்தியாலத்தில் செய்வான். ஆனால் அவன் வைத்த எழுத்து வைத்த இடத்தில் நிற்கும். "நோபேட் அண்ணன்ட வேலையில தேவையில்லாத சாமான் ஒண்டும் இராது" என்று தக்ஷாயினியே வகுப்பில் சொன்னாள்.

கடைசி வேலைதான் பெரிய வேலை. வெளியாள் ஒருவருக்கு உண்மையாகத் தேவைப்படுகிற ஒன்றைச் செய்து, அதை நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்து, அந்த ஆளின் கையெழுத்தைப் படிவத்தில் வாங்கவேண்டும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து வருகிற ஒரு பரீட்சகருக்கு முன்னால் இருந்து கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் சேட்டிபிக்கற் இல்லை. வாழைச்சேனையில் பிறின்ற் கடை வைத்திருக்கிற அஸாம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தான்: "ஒங்களுக்கு ஒரு கதிர போட்டு வெச்சிரிக்கன், நோபேட் அண்ண. சேட்டிபிக்கட்டோட வாங்க. இல்லாட்டி என்ட மச்சான் அதில ஏறிக் குந்திருவான், மறுகா எழுப்பேலா."

நோபேட்டுக்கு வேலை தேடி அலையத் தேவையிருக்கவில்லை. கல்குடாவில் கரைவலைச் சங்கத்துக்கு இருபத்தைந்தாவது வருசம். ஞாயிற்றுக்கிழமை விழா, தோணியோட்டம், சாப்பாடு. சந்தியில் கட்ட ஒரு பெனர் வேண்டும். "எங்கட நோபேட் அதுதானே படிக்கிறான்" என்று அவனிடமே கொடுத்தார்கள். விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பரீட்சை. எல்லாம் பொருந்தி வந்தது.

சங்கம் என்றால் நாலு வலை, நாலு முதலாளி. றொனால்ட் இந்த வருசத் தலைவர், சத்தமான மனுசன். பீற்றிஸ் அக்காவுக்கு வலை தாய்வழி வந்தது. ஆளும் பேச்சும் அந்த வலையை விட உறுதி. அப்துல் கபூர் ஓட்டமாவடியிலிருந்து விடியத் தொழுதுவிட்டு மோட்டார்சைக்கிளில் வருகிறவர், எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது மூத்த அண்ணன். நாலாவது நல்லரெத்தினம். அவர் பேசுவது குறைவு, ஆனால் "வேணா" என்று சொன்னால் அதோடு கதை முடிந்தது.

நோபேட் படித்தபடியே செய்தான். "வெள்ளி விழா" என்பது கத்தியது. தலைவர் றொனால்டின் பெயர் கதைத்தது. மற்ற மூன்று பெயரும் கீழே அடக்கமாக முணுமுணுத்தன. கடற்கரையில் சங்கத்தின் ஓலைக் கொட்டிலான வாடிக்குள் நாலு பேரையும் கூட்டி, கடதாசியில் அடித்த மாதிரியைக் காட்டினான்.

"வடிவு. இத அப்பிடியே அடி" என்றார் றொனால்ட்.

பீற்றிஸ் அக்கா கடதாசியை வாங்கினார். வலையின் கண் அளக்கிற மாதிரி விரலை எழுத்துக்கு மேலே வைத்தார். ஒரு நூல் வித்தியாசம் கூட அந்த விரலுக்குத் தப்பாது.

"றொனால்ட்ட பேர் ரெண்டு விரல். என்ட பேர் ஒரு விரலும் இல்ல. என்னடா நோபேட், என்ட வலை உனக்குக் கூனி இறால் பிடிக்கிற சின்ன வலையாத் தெரியுதா?"

"இல்லக்கா, படிப்பில அப்பிடித்தான். ஒண்டு கத்தவேணும், ஒண்டு கதைக்கவேணும், மிச்சம் முணுமுணுக்கவேணும்."

"நான் முணுமுணுத்து நீ எப்ப கேட்டிரிக்காய்?"

றொனால்ட் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்தநாள் நாலு பெயரையும் ஒரே அளவில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனான். இப்போது அளவு சரி, வரிசை பிழை. அகர வரிசைப்படி அப்துல் கபூர் முதலில் நின்றார்.

"எனக்கு இது சரி" என்றார் கபூர்.

"உங்களுக்குச் சரியாத்தான் இரிக்கும், காக்கா. உங்கட வாப்பா யோசிச்செல்லோ பேர் வெச்சிரிக்கார்" என்றார் றொனால்ட்.

வயது வரிசை போடுவோமா என்று கேட்டான் நோபேட். பீற்றிஸ் அக்கா வயதைச் சொல்ல மாட்டேன் என்றார். வலை தொடங்கிய வரிசை? றொனால்டும் நல்லரெத்தினமும் ஒரே வருசத்தைச் சொன்னார்கள். எந்த மாதம் என்பதில் சத்தம் ஏறியது.

மூன்றாம் நாள் பெயர்களை வட்டமாகப் போட்டுக்கொண்டு போனான். வட்டத்துக்கு முதலும் இல்லை முடிவும் இல்லை என்று ஒரு விளக்கமும் வைத்திருந்தான்.

"மேல நிக்கிறது ஆரு?" என்றார் பீற்றிஸ் அக்கா.

"மேல எண்டு ஒண்டும் இல்லக்கா. இது சுத்துற மாதிரி."

அப்துல் கபூர் கடதாசியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சுத்துறது சரி, மனே. நான் ஏன் தலகீழா நிக்கன்?"

நல்லரெத்தினம் "வேணா" என்றார்.

நோபேட் வெளியே வந்து தென்னை மரத்தடியில் நின்று தக்ஷாயினிக்குப் போன் எடுத்தான். ஆளை மாற்ற ஏலுமா என்று கேட்டான்.

"ஒரு மாசத்துக்கு முதலே சங்கத்தின்ட பேர எழுதிக் குடுத்திட்டீங்க அண்ணன். இனி மாத்தேலாது."

"சங்கத்த மாத்த வேணாம் மிஸ். இந்த நாலு பேரையும் மாத்தேலுமா?"

மற்றப் பக்கத்தில் தக்ஷாயினி சிரிக்கவில்லை. "வாற வெள்ளிக்கிழமை கையெழுத்தோட வரணும், அண்ணன். வராட்டி அடுத்த வருசம் புதுப் பிள்ளைகளோட இரிக்கோணும்" என்றாள். அஸாமின் மச்சான் ஒரு வருசம் நின்றுகொண்டு இருக்கமாட்டான் என்பது நோபேட்டுக்குத் தெரியும்.

அடுத்தநாள் சனிக்கிழமை விடிய எழும்பிக் கடற்கரைக்குப் போனான். ஒவ்வொருவர் காலாகப் பிடிக்கலாம் என்ற யோசனை. அங்கே பீற்றிஸ் அக்காவின் தோணி இறங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் முதலாவதாகப் போகிற வலைக்குத்தான் நல்ல மீன். அப்படியிருந்தும் றொனால்ட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவருடைய தோணியைத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கபூரும் நல்லரெத்தினமும் மணலில் இருந்து பிளேன்ரீ குடித்தார்கள். ஒருத்தர் முகத்திலும் கோபம் இல்லை. மூன்று நாளாக இரண்டு விரலுக்கும் ஒரு விரலுக்கும் சண்டை பிடித்த ஆட்கள்தான் இவர்கள்.

"முதலாளி, உங்களுக்குக் கோவம் இல்லியா?" என்று றொனால்டிடம் கேட்டான்.

"என்னத்துக்கு?"

"அக்காட வலை முதல் போகுதே."

"இண்டைக்கு அவட முறை. நாளைக்கு நல்லரெத்தினத்தாருக்கு. மறுகா கபூர் காக்கா. பேந்து நான். இண்டைக்கு முதல் போறவருக்கு நாளைக்குக் கடைசி. என்னடா, படிச்சுப் படிச்சு மூளை கலங்கிற்றா உனக்கு?"

மூளை கலங்கவில்லை. நோபேட் வந்த காரியத்தை விட்டுவிட்டு அப்படியே திரும்பி நடந்தான். இருபத்திரண்டு வருசம் இந்த முறைப்படிதான் அவன் கயிறு இழுத்தான். விடிந்து எழும்பினால் முதலில் கேட்கிற கேள்வியே இன்றைக்கு யாருடைய முறை என்பதுதான். அதைப் பெனருக்குக் கேட்க அவனுக்கு இவ்வளவு நாள் தோன்றவில்லை.

அஸாமின் கடைக்குப் போய் ஐந்து துண்டாக அடிக்கச் சொன்னான். ஒரு பெரிய துண்டு, அதில் "வெள்ளி விழா", நாள், இடம், அடியில் நீலக் கடல். பிறகு நாலு நீளத் துண்டு, ஒன்றில் ஒரு பெயர், நாலும் ஒரே அளவு, ஒரே எழுத்து.

"இதென்ன அண்ண, பஸ்ஸுக்குப் போடுற ஊர்ப் பலகையா? கழட்டிக் கழட்டி மாட்டவா?" என்றான் அஸாம்.

"அதேதான்."

அஸாம் பகிடிக்குத்தான் கேட்டான். பதிலைக் கேட்டதும் மெசினை நிற்பாட்டிவிட்டு இவனை ஒருதரம் பார்த்தான். பிறகு அடித்துக் கொடுத்தான்.

ஞாயிறு பின்னேரம் வாடிக்குள் விசயத்தைச் சொன்னான். பெயர்த் துண்டுகளைப் பெரிய துண்டுக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுவது. விடிய யாருடைய முறையோ அவருடைய பெயர் மேலே ஏறும். அடுத்தநாள் அது அடிக்கு இறங்கும்.

எல்லாரும் விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சம்மதம்" என்றார் பீற்றிஸ் அக்கா. அவர் அவ்வளவு கெதியில் சம்மதித்தது எல்லாருக்கும் சந்தேகமாக இருந்தது. றொனால்ட் எண்ணி முடித்தபிறகுதான் விளங்கியது. விழா நடக்கிற ஞாயிற்றுக்கிழமை பீற்றிஸ் அக்காவின் முறை.

"தலைவர் நான், விழா அண்டைக்கு அடியில நிக்கிறதா?"

"அடியில இல்ல, முதலாளி. ரெண்டாவதா நல்லரெத்தினத்தார், மூண்டாவது காக்கா..."

"எண்ணாத. எனக்கும் எண்ணத் தெரியும்." றொனால்ட் கடலைப் பார்த்தார், வாடிக் கூரையைப் பார்த்தார். முறையில் கை வைத்தால் நாளைக்கு வலை போடுகிற ஒழுங்கிலும் கை வைக்கவேண்டி வரும். "சரி, கட்டித் தொலை" என்றார்.

நல்லரெத்தினம் தலையை மட்டும் ஆட்டினார். "வேணா" என்று வராதது பெரிய காரியம்.

திங்கள் விடிய, கடற்கரைக்கு இறங்குகிற சந்தியில் இரண்டு கம்பம் நட்டுக் கட்டினான். வலது கை ஏலாது என்றபடியால் இடது கையால் வலை நூலில் முடிச்சுப் போட்டான். இழுத்தால் இறுகும், நுனியைத் தட்டினால் அவிழும், அந்த மாதிரி முடிச்சு. அப்துல் கபூரின் பெயர் மேலே. அவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்று பார்த்தார். போனில் படமும் எடுத்தார்.

ஒன்பது மணிக்குக் கச்சான் காற்று எழும்பியது. நாலு துண்டும் பறந்து பெரிய துண்டுக்கு மேலே சுருண்டு ஏறி ஒட்டிக்கொண்டன. "வெள்ளி விழா"வும் இல்லை, பெயர்களும் இல்லை. துணி காயப்போட்ட கொடி மாதிரி நின்றது.

"உன்ட பெனர் தலையில முக்காடு போட்டிரிக்கு" என்று றொனால்ட் போனில் சொன்னார். மத்தியானம் நோபேட் வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயக் குண்டுகளைக் கொண்டுபோய் ஒவ்வொரு துண்டின் அடியிலும் கோர்த்துவிட்டான். பிறகு கச்சான் தன்பாட்டில் வீசியது. துண்டுகள் தங்கள்பாட்டில் தொங்கின.

செவ்வாய்க்கிழமை றொனால்டின் ஆட்கள் வலைக்குப் போகிற வழியில் தாங்களே பெயரை மாற்றிவிட்டுப் போனார்கள். புதன்கிழமை நடந்ததை நோபேட் எதிர்பார்க்கவில்லை. மீன் வியாபாரிகள் பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிளில் வந்து, சந்தியில் மெதுவாக்கி, பெனரை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே பீற்றிஸ் அக்காவின் வலை ஏறுகிற இடத்துக்குப் போனார்கள். முன்பென்றால் கரை முழுக்க ஓடி, "ஆருட முறை, ஆருட முறை" என்று கேட்டுத் திரிவார்கள்.

வலை ஏறி மீன் கொட்டியபிறகு நோபேட் படிவத்தோடு போனான். பீற்றிஸ் அக்கா கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"ஏண்டா, நாலு பேர்ட வேலைக்கு நான் மட்டும் வெச்சாக் காணுமா?"

"இண்டைக்கு உங்கட முறைதானே, அக்கா."

தோணியின் பக்கப் பலகையில் படிவத்தை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். றொனால்ட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படிவத்தின் மூலையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பரீட்சகர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய மெலிந்த மனுசன். படிவத்தை எடுத்தார், மூலையைப் பார்த்தார், நகத்தால் செதிலைத் தட்டிவிட்டார். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்த நோபேட், ஒரு கதிரையில் இருந்து இப்படிப் பயந்ததில்லை. தக்ஷாயினி பரீட்சகருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளும் பேனை மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்தாள்.

திரையில் பெனரின் படம் வந்தது. பரீட்சகர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தலைப்புச் சரி. கீழே நாலு பெயரும் ஒரே அளவில் இருக்கிறது. இதில் எது முக்கியம்? பார்க்கிறவருடைய கண் முதலில் எந்தப் பெயருக்குப் போகவேண்டும்?"

"எண்டைக்கு எண்டு சொல்லுங்க, சேர்" என்றான் நோபேட்.

பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். இவன் கேலி செய்கிறானா என்று தக்ஷாயினியைப் பார்த்தார். அவள் அடுத்த படத்தை அழுத்தினாள். செவ்வாய், றொனால்ட் மேலே. அடுத்தது புதன், பீற்றிஸ் மேலே. அடுத்தது வியாழன், நல்லரெத்தினம் மேலே. நோபேட் முறையைப் பற்றிச் சொன்னான், வியாபாரிகள் பார்த்துவிட்டுப் போவதைச் சொன்னான். சொல்லச் சொல்லப் பயம் விட்டுப்போனது.

"அடியில் குண்டு குண்டாகத் தொங்குவது என்ன?"

"ஈயம், சேர். அது இல்லாட்டி நாங்க வாசிக்க முதல் கச்சான் சுருட்டி வாசிச்சிரும்."

பரீட்சகர் ஏதோ எழுதினார். நிறைய எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இன்றைக்கு யார்?" என்று கேட்டார்.

"அப்துல் கபூர் காக்கா, சேர். இந்நேரம் வலையின்ட மடி மீனோட கரையில ஏறியிருக்கும்."

"சரி, போகலாம்."

நோபேட் வெளியே வந்து படியில் இருந்தான். அரை மணித்தியாலம் கழித்துத் தக்ஷாயினி வந்தாள்.

"பாஸ், அண்ணன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "விழாவுக்கு வரலாமா எண்டு சேர் கேக்கிறார். தோணியோட்டம் எத்தின மணிக்கு?" என்றாள்.

விழா முடிந்த மறுநாள் பெரிய துண்டைக் கழற்றினான். பெயர்த் துண்டுகளை மீன் வியாபாரிகள் கழற்ற விடவில்லை. சேட்டிபிக்கற் கையில் வர மேலும் ஒரு மாதம் எடுத்தது. வந்த அடுத்த திங்கட்கிழமை அஸாமின் கடையில் போய் இருந்தான்.

முதல் வேலையே கலியாணக் கார்ட். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பேர், பெண் வீட்டிலிருந்து மூன்று பேர். இரண்டு பகுதியும் ஒரே நேரத்தில் கடைக்குள் வந்து, எந்த வீட்டுப் பெயர் முதலில் வரும் என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

நோபேட் மௌஸைத் தூக்கி மேசையின் நடுவில் வைத்தான். "எல்லாரும் முதல்ல இரிங்க. தேத்தண்ணி குடிப்பம். இது கொஞ்சம் நேரம் எடுக்கிற வேலை" என்றான்.